குற்றாலத்தில் உட்கார்ந்து சொன்ன உறைமழை

என் நாத்தனாருக்குக் கனடாவில் வானிலை கணித்துச் சொல்லும் வேலை. அரசாங்கத்தில் இல்லை, ஒரு தனியார் நிறுவனத்தில். மின்கம்பிகளைப் பராமரிப்பவர்கள், சாலையைப் பார்த்துக்கொள்பவர்கள், பள்ளிக்கூட பஸ் விடுபவர்கள் என்று பலரும் அந்த நிறுவனத்தைக் கேட்டுத்தான் மறுநாள் வேலையைத் திட்டமிடுவார்களாம். பல வருடங்களாக அவள் இதைச் செய்துவந்தாலும் அது என்ன வேலை என்று வீட்டில் ஒருவருக்கும் சரியாகத் தெரியாது. லீவில் வந்தால் புட்டும் பயறும் கேட்டுச் சாப்பிடுவாள், மத்தியானம் தூங்குவாள், ஐந்தருவிக்கு ஒருநாள் போய்வருவாள், பிறகு விமானம் ஏறிவிடுவாள். அவள் வேலை செய்து நாங்கள் பார்த்ததே இல்லை.

போன மார்கழியில் என் மாமியார் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டார். திருநெல்வேலியில் ஆபரேஷன் முடிந்த மறுநாள் இவள் வந்து இறங்கினாள். லீவு முடிகிற சமயத்தில் மாமியார் வாக்கரைப் பிடித்துக் கட்டிலிலிருந்து அறைவாசல்வரை நடந்தார். அதற்குமேல் முடியவில்லை. அந்த நிலையில் விட்டுப் போக அவளுக்கு மனம் வரவில்லை. ஆபீசில் பேசினாள். அங்கே ராத்திரி என்றால் இங்கே பகல். ராத்திரி ஷிப்டை யாரும் ஆசைப்பட்டு எடுப்பதில்லை என்பதால், அங்கிருந்தே பார் என்று உடனே சொல்லிவிட்டார்கள்.

தென்காசி வீட்டில் மாடி அறையை ஒழித்துக் கொடுத்தோம். காலையில் அம்மாவைக் குளிப்பாட்டி, உடம்புப் பயிற்சி செய்யவைத்து, காப்பி டம்ளரோடு மாடிக்கு ஏறினாள் என்றால் சாயங்காலம்தான் இறங்குவாள். சாப்பிட மட்டும் நடுவில் ஒருமுறை வருவாள். நான் வீரகேரளம்புதூரில் ஒரு பள்ளியில் தமிழ் ஆசிரியை. மாமியாரைப் பார்த்துக்கொள்ள அந்த மாதம் நானும் லீவில் இருந்தேன். அதனால்தான் இதையெல்லாம் பார்க்கக் கிடைத்தது.

ஒருநாள் மத்தியானச் சாப்பாட்டின்போது மாமியார் அவளைக் கேட்டார்.

"அங்கன எப்பவும் பனிதான கொட்டுது. அதுல என்னத்தட்டி கண்டுபிடிக்க இருக்கு?"

"பனி கொட்டுனா ஒண்ணும் இல்லம்மா. வண்டிய வச்சுத் தள்ளிட்டுப் போயிருவாங்க. மழை பெஞ்சாலும் ஒண்ணும் இல்ல. ரெண்டுக்கும் நடுவுல ஒண்ணு இருக்கு. மழையாத்தான் விழும். ஆனா தொட்ட எடத்துல அப்படியே ஐஸாயிரும். ரோடு, மரம், கரண்டு கம்பி, கார் கதவு எல்லாத்துலயும் கண்ணாடி பூசுன மாதிரி ஒட்டிக்கிடும். நடந்தா ஆள் நிக்க முடியாது."

"மேல தண்ணியா இருக்கது கீழ வந்து எப்படி ஐஸாவும்?"

அவள் கையில் சோற்றை வைத்துக்கொண்டே சொன்னாள். "நம்ம வயல்ல தண்ணி பாய்ஞ்சா பள்ளத்துலதான நிக்கும். குளிர்ந்த காத்தும் அப்படித்தான், கனம். ஆத்துப் பள்ளத்துல போய்த் தேங்கிக்கிடும். தெக்கேருந்து வாற சூடான காத்து அதுமேல ஏறி வரும். ஒசரத்துல பனியா கெளம்புனது அந்தச் சூட்டுல உருகி மழையாவுது. கீழ வந்ததும் மறுபடி குளிர்ல மாட்டுது. திரும்ப ஐஸாவ நேரம் பத்தாது. தண்ணியாவே வந்து எதையாவது தொட்டதும் ஒறைஞ்சு போவுது. கீழ கிடக்க குளிர் ரொம்ப ஒசரமா நின்னா வழியிலேயே ஐஸ் குருணையா மாறி விழும். சீக்கிரம் வடிஞ்சுட்டா வெறும் மழை."

மாமியார் கல்யாணமாகி வந்த நாளிலிருந்து வயலோடு வாழ்ந்தவர். "வடியதுக்கு மடை வேணும்லா" என்றார்.

"அத எப்போ தெறக்கும்னுதாம்மா நான் உக்காந்து பாக்கேன்."

இதற்குத் தமிழில் என்ன பெயர் என்று என்னைக் கேட்டாள். எங்கள் ஊரில் இல்லாத ஒன்றுக்கு நான் எங்கே போவேன். உறைமழை என்று சொன்னேன். நன்றாக இருக்கிறது மதினி என்று, அந்தச் சொல்லை இரண்டுமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டாள்.

தை பிறந்து ஐயப்பசாமிகள் கூட்டமும் ஓய்ந்த பிறகு ஒரு வாரம் அவள் சாப்பாட்டு மேசையில் பேசுவது குறைந்தது. பெரிய புயல் ஒன்று அவர்கள் பக்கமாக வருகிறது என்றாள். பனியா, உறைமழையா, மழையா என்று தெரியவில்லை. அவள் ஷிப்டில்தான் முடிவு சொல்லவேண்டி வரும். அங்கே விடியும் நேரத்தில் புயல் வந்து நிற்கும், ஜனங்கள் வேலைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் கிளம்புகிற நேரம்.

அதே நாளுக்குத்தான் எங்கள் பகுதியில் மாதாந்திரப் பராமரிப்புக்கு மின்தடை அறிவித்திருந்தார்கள். காலையில் போனால் சாயங்காலம்தான் கரண்டு வரும். என் கணவர் மின்சாரத் துறையில் போர்மேன். அந்த ஷட்டவுன் வேலையே அவர் பொறுப்பில்தான். முந்தின நாள் ராத்திரிச் சாப்பாட்டில் நான் மெதுவாகக் கேட்டுப் பார்த்தேன், ஒரு நாள் தள்ளிவைக்க முடியாதா என்று.

"ஊர்ல ஒவ்வொரு வீட்டுலயும் ஏதோ ஒண்ணு இருக்கும்லா. ஒருத்திக்கு மட்டும் எப்படித் தள்ள முடியும்?" என்றார்.

அவர் சொன்னது நியாயம். நாத்தனார் தன் அண்ணனிடம் அதைக் கேட்கவே இல்லை. வீட்டு இன்வெர்ட்டர் மத்தியானம்வரைகூடத் தாங்காது என்று மட்டும் சொன்னாள். அவர் சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு, குற்றாலத்தில் லாட்ஜ் வைத்திருக்கும் தன் பள்ளிக்கூடத்து நண்பரை போனில் கூப்பிட்டார். குற்றாலத்துக்கு அன்றைக்குத் தடை இல்லை. சீசன் ஆட்களுக்காக நண்பர் இன்டர்நெட் இணைப்பும் நன்றாக வைத்திருந்தார், ஜெனரேட்டரும் உண்டு. தரைத்தளத்தில் ஓர் அறை தருவதாகச் சொன்னார். மின்விசிறி இல்லாமல் வீட்டில் கிடப்பானேன், மாமியாரையும் கூட்டிக்கொண்டு போய்விடுவோம் என்று முடிவாயிற்று.

காலையில் வேலைக்குப் போகுமுன் கணவர் எங்களைக் காரில் கொண்டுபோய் விட்டார். சீசன் இல்லாத குற்றாலம் கடைசி பஸ் போன பஸ் ஸ்டாண்டு மாதிரி இருந்தது. சிப்ஸ் கடைகள் பாதிக்குமேல் சாத்திக் கிடந்தன. பேரருவியில் நூல்போலத் தண்ணீர் இறங்கியது. லாட்ஜ்காரர் வாசலிலேயே நின்றிருந்தார். அறையில் அந்துருண்டை வாசம். எண்ணெய் தேய்த்த முதுகுகள் பல வருடங்களாகச் சாய்ந்து சாய்ந்து சுவர் இடுப்புயரத்துக்குக் கறுத்திருந்தது.

"ஜன்னலத் தொறக்காதீங்கம்மா. கொரங்கு கம்ப்யூட்டரத் தூக்கிட்டுப் போயிரும்" என்றார் லாட்ஜ்காரர்.

மாமியாரைக் கட்டிலில் சாய்த்து உட்காரவைத்தோம். நாத்தனார் மேசையை இழுத்துப் போட்டு மடிக்கணினியைத் திறந்தாள். கழுத்தருகே மைக்கை மாட்டினாள். அந்த நிமிடத்திலிருந்து அவள் முகம் வேறொரு ஆளின் முகமாகிவிட்டது. அம்மாவுக்குக் கால் பிடித்துவிடும்போது கதைபேசிச் சிரிப்பவள் இவள்தானா என்றிருந்தது எனக்கு.

திரையில் கோடுகளும் நிறங்களும். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆனால் அவள் பார்க்கிற விதம் விளங்கியது. நாங்கள் பரீட்சைத் தாள் திருத்தும்போது சில பேர் விடையை மட்டும் பார்ப்பார்கள், சில பேர் எங்கே வழி மாறியது என்று ஒவ்வொரு வரியாகப் போவார்கள். இவள் இரண்டாவது ரகம். பலூன் பறக்கவிட்டு எடுத்த அளவு, தரையிறங்கும் விமானங்கள் அனுப்பும் வெப்பநிலை, அவள் பார்த்துக்கொள்ளும் பகுதியின் நடுவே ஓடும் ஆற்றின் இரு கரை ஊர்களிலும் வீசும் காற்றின் திசை என்று ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தாள். ஒரு தாளில் பென்சிலால் மலை மாதிரி ஒரு கோடு போட்டாள், அழித்தாள், மறுபடி போட்டாள்.

நான் பிளாஸ்கிலிருந்து காப்பி ஊற்றி வைத்தேன். ஆறி ஆடை படிந்தது. தொடவில்லை.

"என்னட்டி பிரச்சினை?" என்று மாமியார் கட்டிலிலிருந்து கேட்டார்.

அவள் திரும்பாமலே பதில் சொன்னாள். "கம்ப்யூட்டர் கணக்கு எல்லாம் ஒண்ணுபோல மழைங்குதும்மா. விடியதுக்கு முன்னாடியே பள்ளத்துல கிடக்க குளிரெல்லாம் வடிஞ்சுரும்னு சொல்லுது. ஆனா காத்து இன்னும் வடகிழக்கேருந்துதான் வருது. அது இருக்கவரைக்கும் புதுசு புதுசா குளிர் வந்து நெறையும். எனக்கு அது வடியாதுன்னு தோணுது."

"தோணுதுன்னா சொல்லிர வேண்டியதுதான?"

"தோணுனா மட்டும் பத்தாதும்மா."

ஆற்றுக்கு வடகரையில் ஒரு முக்கியமான இடத்தில் தானியங்கிக் கருவி கொஞ்ச நேரமாக எதையும் அனுப்பவில்லை. அங்கே என்ன விழுகிறது என்று தெரிந்தால்தான் மேலே யோசிக்க முடியும். அவள் போனை எடுத்து ஒரு எண்ணுக்கு அடித்தாள். நெடுஞ்சாலையோரம் ராத்திரி முழுக்கத் திறந்திருக்கும் ஒரு பெட்ரோல் பங்க்காம். அங்கே கல்லாவில் இருக்கும் பெண் இவளுக்குப் போனிலேயே பழக்கம். ஒருவரை ஒருவர் பார்த்தது கிடையாது. எங்களுக்கும் கேட்கும்படி நாத்தனார் ஸ்பீக்கரில் போட்டாள்.

ஆங்கிலத்தில்தான் பேசினார்கள். நாத்தனார் முதலில் அந்தப் பெண்ணின் முதுகுவலி எப்படியிருக்கிறது என்று விசாரித்தாள். பிறகு வெளியே ஏதாவது விழுகிறதா என்று கேட்டாள். விழுகிறது என்றாள் அந்தப் பெண்.

"சத்தம் கேட்கிறதா? தகரக் கூரையில்?"

"கொஞ்சம் முந்தி அரிசி கொட்டுகிற மாதிரி கேட்டுக்கொண்டே இருந்தது. இப்போது இல்லை."

"நின்றுவிட்டதா?"

"இல்லையே, விளக்கு வெளிச்சத்தில் விழுவது தெரிகிறது. சத்தம்தான் இல்லை."

நாத்தனார் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தாள். "உங்களுக்குச் சிரமம் இல்லையென்றால் கதவைத் திறந்து பக்கத்திலிருக்கும் கைப்பிடிக் கம்பியைத் தொட்டுப் பார்க்க முடியுமா? படியில் இறங்க வேண்டாம். தயவுசெய்து இறங்க வேண்டாம்."

கதவு திறக்கும் சத்தமும் காற்றின் இரைச்சலும் குற்றாலத்து அறைக்குள் கேட்டன. மாமியார் போனையே பார்த்துக்கொண்டிருந்தார். கொஞ்சம் கழித்து அந்தப் பெண் திரும்பி வந்தாள்.

"வழவழவென்று இருக்கிறது. கண்ணாடி மாதிரி. நகத்தால் சுரண்டினால் பெயர்கிறது."

நாத்தனார் நன்றி சொல்லி, ஐஸ் உருக யாராவது சாலையில் உப்பு போட்ட பிறகுதான் வீட்டுக்குப் போகவேண்டும் என்று சொல்லி, போனை வைத்தாள். எங்களைப் பார்த்து, "குருணை நின்னு மழை ஆரம்பிச்சாச்சு. மேல சூடு வந்துட்டு. கீழ குளிர் அசையல. அங்கன இப்பவே ஒறையுது" என்றாள். குரலில் சந்தோஷம் எதுவும் இல்லை. எங்கேயோ யாருக்கோ அடிபடப்போகிறது என்று தெரிந்தவர்களின் குரல்தான் அது.

கொஞ்ச நேரத்தில் வீடியோ அழைப்பு வந்தது. திரையில் மூன்று பேர். ஒருவர் அவளுடைய மேலதிகாரி என்று பேச்சிலிருந்து தெரிந்தது. எல்லாக் கணக்கும் மழை என்கின்றன, நீ மட்டும் ஏன் வேறு சொல்கிறாய் என்று அவர் கேட்டார். மரியாதையாகத்தான் கேட்டார். ஆனால் பதில் வேண்டும் என்று கேட்டார்.

மாமியார் என் கையைத் தொட்டு, "என்ன சொல்லுதாவ?" என்று கிசுகிசுத்தார்.

"அவரு மழைங்காரு. இவ ஐஸுங்கா, அத்தை."

"இவ பாத்துட்டுத்தான சொல்லுதா. அத அவருட்ட சொல்லச் சொல்லு."

நான் சிரிப்பை அடக்கிக்கொண்டேன். அதற்குள் நாத்தனார் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தாள். காற்றின் திசையைச் சொன்னாள், விமானங்களின் அளவைச் சொன்னாள், பெட்ரோல் பங்க்கில் நின்றுபோன சத்தத்தைச் சொன்னாள். அவசரப்படவில்லை, குரலை உயர்த்தவும் இல்லை. வடகரை முழுக்க முற்பகல்வரை உறைமழை, தென்கரையிலும் அதுவே, கொஞ்சம் குறைவாக. உப்பு வண்டிகளையும் மின்கம்பி ஆட்களையும் இப்போதே கிளப்பவேண்டும், பள்ளிக்கூட பஸ் ஓடக்கூடாது. இதுதான் என் முடிவு என்றாள். கடைசியாக ஒன்று சொன்னாள். "நான் தவறாக இருக்கலாம். வடகரையைவிடத் தென்கரையில் அதற்கு வாய்ப்பு அதிகம். அதையும் எழுதித்தான் அனுப்புகிறேன்."

அந்தக் கடைசி வாக்கியத்துக்காக நான் அவளை இன்றைக்கும் நினைத்துக்கொள்கிறேன். மேலதிகாரி எதிரே உட்கார்ந்து சந்தேகப்படும்போது, நான் தவறாக இருக்கலாம் என்று யாருக்கு வாயில் வரும்? எனக்கு வந்ததில்லை. மாணவர்கள் கேள்வி கேட்டாலே எனக்குத் தெரியாது என்பதைக் காட்டிக்கொள்ளமாட்டேன். அவளோ தனக்குத் தெரிந்தது எது, தெரியாதது எது என்று இரண்டையும் ஒரே குரலில் சொன்னாள். அதனாலேயே அவளை நம்பலாம்போல இருந்தது. மேலதிகாரியும், சரி அனுப்பு என்றார்.

அனுப்பினாள். மைக்கைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு, "மதினி, பசிக்கு" என்றாள்.

புளியோதரையும் கூழ்வடகமும் கட்டிக் கொண்டுபோயிருந்தேன். மாமியார் சாப்பிடாமல் மகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒருவேள தப்பாயிட்டா என்னட்டி செய்வாங்க?"

"தப்பாயிட்டா தப்புத்தாம்மா. உப்பு வண்டி வீணா நிக்கும், ஆட்களும் ராத்திரி முழுக்கச் சும்மா முழிச்சுக் கிடப்பாங்க. பிள்ளைகளுக்கு ஒருநாள் லீவு. என்னைய நாலு பேரு திட்டுவாங்க. ஆனா நான் மழைன்னு சொல்லி, பஸ்ல பிள்ளைக ஏறுன பெறவு அது ஐஸா விழுந்தா..." வடகத்தை ஒடித்து வாயில் போட்டுக்கொண்டாள்.

பிறகு வேறு வேலை ஒன்றும் இல்லை, காத்திருப்பதுதான். மாமியாரை வாக்கரோடு வராந்தாவில் நடக்கவைத்தாள். வீட்டில் அறைவாசலோடு நின்றுகொள்பவர் அன்றைக்கு வராந்தா முழுக்க நடந்து, மூலையில் கொஞ்சம் நின்று அருவிப் பக்கம் பார்த்துவிட்டுத் திரும்பினார். கால் வலிக்கிறது என்று ஒருமுறைகூடச் சொல்லவில்லை. மதில்மேல் இரண்டு குரங்குகள் உட்கார்ந்து வாக்கரைப் பார்த்துக்கொண்டிருந்தன. அவ்வப்போது நாத்தனார் உள்ளே ஓடிப்போய்த் திரையைப் பார்த்துவிட்டு வருவாள். நான் கேட்கவில்லை. முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்ள முயன்றேன், முடியவில்லை.

வெயில் தாழ்ந்தபோது அங்கே விடிந்தது. செய்திகள் ஒவ்வொன்றாக வரத் தொடங்கின. வடகரை முழுக்கக் கண்ணாடி பூசியதுபோல் ஆகிவிட்டதாம். கிளைகள் ஒடிந்து விழுந்தன, சில இடங்களில் கம்பியும் அறுந்தது. பஸ்கள் ஓடவில்லை. சாலையில் முன்பே உப்பு போட்டிருந்ததால் ஆம்புலன்சுகள் போகமுடிந்தது. அவள் ஒவ்வொன்றையும் வாய்விட்டுப் படித்தாள். மாமியார் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

தென்கரை வேறு மாதிரி ஆகிவிட்டது. அங்கே விடியுமுன்பே சூடான காற்று கீழேவரை இறங்கிவிட்டது. வெறும் மழைதான். வண்டிகள் வீணாக நின்றன. ஒரு ஊர்க்காரர்கள் கோபமாக எழுதியிருந்தார்கள். மேலதிகாரி அழைத்து வடகரைக்காகப் பாராட்டியபோது, "தென்கரை என் தப்பு, ஏன் என்று நாளைக்குள் எழுதி அனுப்புகிறேன்" என்றுதான் முதலில் சொன்னாள். அந்தப் பக்கம் அவர் சிரிப்பது கேட்டது.

வேலை முடிந்து கணவர் காரோடு வந்தார். சட்டையெல்லாம் வேர்வையும் தூசியும். ஊரில் கரண்டு வந்துவிட்டது என்றார். கார் சாவியைக் கையில் பிடித்தபடியே தங்கையிடம், "அங்கன கம்பி நிக்கா?" என்று கேட்டார்.

அவள் போனில் வந்திருந்த ஒரு படத்தைக் காட்டினாள். மின்கம்பத்திலிருந்து மின்கம்பம்வரை கம்பி தொய்ந்து தொங்கியது. அதன்மேல் கட்டைவிரல் தடிமனுக்கு ஐஸ். அவர் படத்தைப் பெரிதாக்கி, கம்பி கம்பத்தில் சேருமிடத்தைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

"இந்தக் கனத்துக்கு கம்பியத் தாங்குத கிராஸ் ஆர்மே முறிஞ்சுரும். எத்தன எடத்துல போச்சு?"

"நாலஞ்சு எடம்ணே. ஆளுக பக்கத்துலயே நின்னதால உடனே ஏறிட்டாங்க."

"ஆளுகள முன்னாடியே நிப்பாட்டியாச்சா?"

"ஆமா. நம்ம சொன்னதும் கெளம்பிட்டாங்க."

அவர் தலையை ஆட்டினார். "புயல் வேலைக்கு வெளியூர் போனப்ப, மரம் விழுந்து ரோடெல்லாம் அடைச்சுட்டு. நாங்க போய்ச் சேரதே பெரும்பாடா ஆயிட்டு. சேந்துட்டா வேலை ஓடிரும். சேரதுதான் பாடு." போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, அம்மாவைத் தூக்கிக் காரில் உட்காரவைக்கப் போனார். தங்கையை அவர் வாய்விட்டுப் பாராட்டி நான் கேட்டதில்லை. அன்றைக்கும் கேட்கவில்லை. ஆனால் வீடு வரும்வரை அவளிடம் ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டே வந்தார். எவ்வளவு நேரம் முன்னால் சொல்ல முடியும், காற்றும் சேர்ந்தால் என்ன ஆகும், ஐஸ் எப்படி உதிரும் என்று. அவளும் களைப்பைக் காட்டாமல் பதில் சொன்னாள். மாமியார் பின்சீட்டில் உட்கார்ந்து இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

மறுநாள் அவள் மாடியில் உட்கார்ந்து தென்கரையில் எங்கே தவறினோம் என்று தேடினாள். ஆற்றின் வளைவில் காற்று முன்னதாகவே திசை மாறியிருந்தது. அந்த ஒரு அளவைத் தான் கவனித்தும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை என்று என்னிடம் சொன்னாள். கண்டுபிடித்ததில் அவளுக்கு ஒரு நிம்மதி இருந்தது.

அன்றைக்கே பெட்ரோல் பங்க் பெண்ணுக்குப் போன் செய்து நன்றி சொன்னாள். நீ எங்கிருந்து பேசினாய், பின்னால் யாரோ பெண்கள் பேசுவது கேட்டதே என்று அந்தப் பெண் கேட்டிருக்கிறாள். நாத்தனார் சொல்லியிருக்கிறாள். அதன்பிறகு போனை என்னிடம் நீட்டினாள்.

எனக்கு ஆங்கிலத்தில் பேசக் கூச்சம். வணக்கம் சொன்னேன். நல்லபடியாக வீட்டுக்குப் போனீர்களா என்று கேட்டேன். போனேன், மெதுவாகப் போனேன் என்றாள். உங்கள் ஊரில் இப்போது வானிலை எப்படி என்று என்னைத் திருப்பிக் கேட்டாள்.

நன்றாக இருக்கிறது என்று வாயெடுத்தவள் நிறுத்தினேன். ஒரு நிமிடம் இருங்கள் என்று சொல்லிவிட்டு மொட்டைமாடிக்குப் போய்ப் பார்த்தேன். மலைமேல் மேகம் இல்லை. கொடியில் கிடந்த சேலை மேற்கே பார்த்து அசைந்தது. காற்றில் ஈரம் இல்லை. அதை அப்படியே, எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில், அவளுக்குச் சொன்னேன்.